உண்டியல் குலுக்கிக் காப்பாற்றிய அணி

2014ல் மெல்பேர்னின் மேற்கே ஃபுட்ஸ்கிரேயில் வாடகைக்கு வீடு எடுத்தேன். ஊர் அணியான ஃபுட்ஸ்கிரேயின் விட்டன் ஓவல் மைதானம் நடந்து போகிற தூரம். ஆனால் ஃபூட்டி என்று இங்கே சொல்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து எனக்குச் சுத்தமாகப் புரியாது. பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கிய ஒரு அம்மா தனியாக இருந்தார். குப்பைத்தொட்டியை வெளியே வைக்கிற நேரத்தில் தொடங்கிய பேச்சு, தேநீர் வரைக்கும் வளர்ந்தது. ஒருநாள் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். மூடியில் காசு போடுகிற அளவுக்கு ஒரு வெட்டு. நம்மூர் உண்டியலேதான். சுற்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலப் பெயிண்ட்.

1989 அக்டோபர் தொடக்கத்தில், கடனில் மூழ்கிய ஃபுட்ஸ்கிரே அணியை ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைக்கப் போவதாக லீக் அறிவித்ததாம். புது அணியின் பெயர் 'ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்'. ஃபுட்ஸ்கிரே என்ற ஊர்ப்பெயரே காணாமல் போயிருக்கும். 1925ல் பெரிய லீக்கில் சேர்ந்து, அதுவரை 1954ல் ஒரே ஒரு முறை கோப்பை வென்ற அணி அது. கயிற்று ஆலை, இறைச்சிக் கூடம், வெடிமருந்துத் தொழிற்சாலை என்று உழைத்துச் சாப்பிட்ட ஊருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது என்றார் அந்த அம்மா.

ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை பெயரில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் முன்னால் நின்றார். கிடைத்தது சுமார் மூன்று வாரம், திரட்ட வேண்டியது 15 லட்சம் டாலர். ஊரே தெருவில் இறங்கியது. இந்த அம்மா ரயில் நிலைய வாசலில் நின்று டின்னைக் குலுக்கியிருக்கிறார். ஆங்கிலம் சரியாக வராத ஒரு வியட்நாம்காரர், எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஐந்து டாலர் தாளை மடித்துப் போட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. பணம் சேர்ந்தது, இணைப்பு நின்றது.

1996 கடைசியில் அணியின் பெயரை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாற்றியதில் மட்டும் அவருக்கு வருத்தம். கடைசி வரை ஃபுட்ஸ்கிரே என்றுதான் சொன்னார்.

அப்புறம் 2016. லீக் சுற்றை ஏழாவது இடத்தில் முடித்த அணி, நாக் அவுட் ஆட்டத்துக்குப் பெர்த் போய் ஜெயித்தது. முந்தைய மூன்று வருடக் கோப்பையையும் வைத்திருந்த ஹாதார்னை வீழ்த்தியது. சிட்னியில் இன்னொரு அணியிடம் ஆறே புள்ளியில் தப்பித்தது. அக்டோபர் 1 இறுதிப் போட்டியை அவர் வீட்டில்தான் பார்த்தோம். மடியில் அந்த டின். 89க்கு 67 என்று சிட்னி ஸ்வான்ஸைத் தோற்கடித்தபோதும் அவர் கத்தவில்லை. காயத்தால் ஆட முடியாமல் போன கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் பதக்கத்தையே அவர் கழுத்தில் போட்டாரே, அப்போதுதான் அந்த அம்மா உடைந்து அழுதார். 62 வருடக் காத்திருப்பு. மறுநாள் விட்டன் ஓவலில் கூட்டம் நெரிந்தது. அந்த டின்னோடுதான் வந்தார்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

மறுமொழி 1

விட்டன் ஓவல் என்றதும் எனக்கு 1995 ஜூன் நினைவு வந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வேலையிடத்து மேற்பார்வையாளர் என்னை எம்.சி.ஜி. மைதானத்துக்குக் கூட்டிப் போனார். விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆட்டம். திறந்த காரில் ஒருவர் மகனோடு மைதானத்தைச் சுற்றி வந்தார். புற்றுநோயால் கண் பார்வை போயிருந்தது. கையை மட்டும் அசைத்துக்கொண்டே போனார். ஃபுட்ஸ்கிரேக்காக 321 ஆட்டம் ஆடிய டெட் விட்டன் அவர்தான். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. என் பக்கத்தில் அந்த முரட்டு மேற்பார்வையாளர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஆகஸ்டில் விட்டன் இறந்துவிட்டார்.

*

மறுமொழி 2

ஃபிட்ஸ்ராய் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் டாக்சி ஓட்டிய காலத்தில் ஒரு பெரியவர் ஏறினார். ஃபிட்ஸ்ராயின் பழைய ஆட்டச் சட்டை போட்டிருந்தார். 1897ல் லீக் தொடங்கியபோதே இருந்த அணி, எட்டுக் கோப்பை வென்ற அணி. 1996ல் பெர்த்தில் கடைசி ஆட்டத்தை ஆடி, பிரிஸ்பேன் பேர்ஸோடு இணைக்கப்பட்டது. 1989ல் ஃபுட்ஸ்கிரே ஆட்கள் உண்டியலோடு வந்தபோது தானும் போட்டதாகச் சொன்னார். "உங்கள் எதிரணி ஆயிற்றே?" என்று கேட்டேன். "அவர்கள் தப்பியதால் எங்களுக்கும் ஏழு வருஷம் கிடைத்தது" என்றார். இணைந்த அணியான பிரிஸ்பேன் லயன்ஸ் மெல்பேர்னுக்கு ஆட வந்தால் இன்னமும் போவாராம், அதே பழைய சட்டையோடு.