புதுப்பிப்பு: கடைசியில பெருங்காயம்தான்!

கோதுமையை அறவே விட்டு நாலு மாசமாகியும் வயிறு உப்புசம் போகலையே, சீலியாக்னு (கோதுமையில இருக்குற குளூட்டன் குடலைப் பாதிக்குற நோய்) சொன்னதே தப்போன்னு இங்க புலம்பியிருந்தேன். டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னவருக்குக் கோடி நன்றி. எங்க வீட்டுக் கூட்டுப் பெருங்காயத்துல முதல் பொருளே மைதா, அதாவது கோதுமை மாவு! சாம்பார், ரசம், மோர்னு தினமும் நானே போட்டுக்கிட்டிருந்திருக்கேன். இப்போ மாவு கலக்காத பெருங்காயம். விலைதான் கொஞ்சம் கடிக்குது.

இன்னொண்ணு, மில்லுல கோதுமை அரைச்ச கையோட நம்ம அரிசியைக் கொட்டுறாங்க. அதனால இடியாப்ப மாவு வீட்டு மிக்ஸியிலதான். ஹோட்டல் தோசையும் கட்: ரவா தோசை ஊத்துற அதே கல்லு.

ரத்தப் பரிசோதனையில டிடிஜி (சீலியாக் இருந்தா ரத்தத்துல ஏறுற எதிர்ப்பொருள்) இறங்கியிருக்கு. நார்மல் ஆகுறதுக்கு இன்னும் மாசக்கணக்காகுமாம். அத்தை மட்டும் இன்னும் "ஒரே ஒரு சப்பாத்தி"ன்னு கெஞ்சுறாங்க.