மடிக்கிற புளூடூத் கீபோர்ட்: ஒரு எழுத்து ஆறாக விழுகிறது, பாமினியும் வரவில்லை. உதவி வேண்டும்

மவுசாகலைக் கரை (சனி, மாலை)

வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். போன் திரையில் ஒற்றை விரலால் தட்டித்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டிவிஷனில் மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு, வரவு செலவு, அப்புறம் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதம், பிறப்புப் பதிவு எடுக்க விண்ணப்பம் என்று வாரத்துக்கு நாலைந்து எழுத வேண்டி வரும். ஏப்ரல் மாத இடியில் மடிக்கணினி செத்துப்போனது. திருத்துவதற்குக் கேட்ட காசைக் கேட்டதும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மூன்றாய் மடித்துப் பைக்குள் போடுகிற புளூடூத் கீபோர்ட் ஒன்றை ஹட்டனில் வாங்கினேன். பெட்டியில் கம்பெனிப் பெயர் கிடையாது. போன் ஆண்ட்ராய்டு 13.

பிரச்சினை மூன்று.

ஒன்று, எழுத்து இரட்டிக்கிறது. இரட்டிப்பு என்பதுகூடத் தப்பு, சில நேரம் ஒரே எழுத்து ஆறேழு தடவை விழுகிறது. சில நேரம் இரண்டு மூன்று வினாடி ஒன்றுமே வராது, பிறகு அடித்ததெல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டுகிறது. கடையில் அடித்துப் பார்த்தபோது இப்படி இல்லை. வீட்டுக்கு வந்ததும் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதுவும் சனி, ஞாயிறு காலையில், பனி இறங்கி இருக்கிற நேரம்தான் மோசம்.

இரண்டு, எனக்குப் பதினொரு வருடமாகக் கணினியில் பாமினி முறையில் தமிழ் அடித்துத்தான் பழக்கம். இதில் ஆங்கிலம் மட்டும்தான் வருகிறது.

மூன்று, கீபோர்ட் சேர்ந்தவுடன் திரையில் வருகிற கீபோர்ட் காணாமல் போகிறது.

போனை அணைத்துப் போட்டேன். இணைப்பை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தும் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை சங்கக் கூட்டம். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பனிமூட்டம் (நுவரெலியா)

பனி நேரம்தான் மோசம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. ஈரம் உள்ளே போயிருக்கிறது. எங்கள் வீட்டில் ரேடியோ ஒன்று இப்படித்தான் போனது. இரண்டு நாள் அரிசி டின்னுக்குள் புதைத்து வையுங்கள், சரியாகும்.

திருப்புளி (தலவாக்கலை)

அரிசியை ஆக்கிச் சாப்பிடுங்கள். போன் திருத்துகிற கடையில் ஒன்பது வருடம் இருக்கிறேன். அரிசியில் வைத்துக் கொண்டுவந்த போன்களின் சார்ஜ் ஓட்டையிலிருந்து நான் தோண்டி எடுத்தது தவிடும் மாவும்தான்.

அக்கா, முதலில் ஒன்று பாருங்கள். இரட்டிப்பது குறிப்பிட்ட நாலைந்து விசையா, எல்லா விசையுமா? ஈரம் என்றால் ஈரம் பட்ட இடத்து விசைகள்தான் கோளாறு பண்ணும். எல்லாமே இரட்டித்து, இடையில் நின்று, பிறகு மொத்தமாக வந்து விழுகிறது என்றால் விசையில் குறை இல்லை, காற்றில்தான் குறை. வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து அடிக்கிறீர்கள்? பக்கத்தில் ரவுட்டர் இருக்கிறதா?

மூன்றாவது பிரச்சினை பிரச்சினையே இல்லை. வெளிக் கீபோர்ட் சேர்ந்தால் திரைக் கீபோர்ட் ஒதுங்கிக்கொள்ளும். அமைப்புகளில் மொழி, உள்ளீடு என்ற பகுதிக்குள் வெளிக் கீபோர்டுக்கென்று தனிப் பக்கம் ஒன்று இருக்கும். திரைக் கீபோர்டையும் காட்டு என்ற பொத்தான் அதில்தான் இருக்கிறது.

மவுசாகலைக் கரை

எல்லா விசையும்தான் தம்பி. இப்போதுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன்.

இடம் என்றால், முன் காம்பரா ஜன்னல்தான். எங்கள் லயத்தில் அந்த ஒரு ஜன்னலில்தான் சிக்னல் நிற்கும். 4ஜி ரவுட்டரும் அங்கேதான் இருக்கிறது. போனை அதன் மேலேயே சாய்த்து வைத்துவிட்டு, மேசையில் கீபோர்டை விரித்து அடிக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் மகனுக்கு ஜூமில் வகுப்பு, அவன் பின்னால் கட்டிலில் இருந்து டேப்லெட்டில் பார்ப்பான்.

எழுதும்போதே எனக்கு ஏதோ விளங்குகிற மாதிரி இருக்கிறது.

திருப்புளி (தலவாக்கலை)

போனை ரவுட்டர் மேலேயே சாய்த்து வைத்தீர்களா! சரி, விளங்கிவிட்டது. பனி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. பனி நேரமும் ஜூம் நேரமும் ஒன்றாக இருந்ததுதான் குழப்பம்.

புளூடூத் ஓடுவது 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை. சாதாரண வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் இடத்தில்தான் ஓடுகிறது. புளூடூத்துக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு: வினாடிக்கு 1600 தடவை வரை அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவும், நெரிசலான இடத்தை ஒதுக்கிவிட்டுப் போகும். ஆனால் காதோடு காதாக ரவுட்டர் கத்தும்போது எங்கே தாவுவது? போதாததற்கு நம் நாட்டில் வீட்டு 4ஜி இணைப்புகள் சில 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, அதுவும் பக்கத்து வீடு. இன்னொன்று, பெரும்பாலான போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கின்றன. வைஃபை வேலை செய்யும்போது புளூடூத் வரிசையில் காத்திருக்கும்.

ஏன் ஆறு தடவை விழுகிறது என்றால், கீபோர்ட் ஒரு எழுத்துக்கு இரண்டு செய்தி அனுப்புகிறது. விசை அமுங்கியது என்று ஒன்று, விசையை விட்டாச்சு என்று ஒன்று. முதல் செய்தி வந்து சேர்ந்து, இரண்டாவது வழியில் மாட்டிக்கொண்டால், நீங்கள் இன்னும் விசையை அமுக்கிக்கொண்டே இருப்பதாகப் போன் நினைக்கும். அரை வினாடி அளவு பார்த்துவிட்டு அந்த எழுத்தைத் தானாகவே அடித்துத் தள்ளத் தொடங்கும். விட்ட செய்தி வந்தால்தான் நிறுத்தும்.

நாளைக் காலை ஜூம் ஓடும்போதே சோதியுங்கள். முதலில் போனில் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டுப் பத்து வரி அடியுங்கள். பிறகு போனையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு உள்காம்பராவுக்குப் போய் இன்னொரு பத்து வரி. கீபோர்டை முழுக்கச் சார்ஜ் பண்ணிவிட்டுச் செய்யுங்கள், பெட்டரி இறங்கினாலும் இதே குணம் காட்டும்.

பனிமூட்டம் (நுவரெலியா)

சரி சரி, அரிசியை எடுத்துவிட்டேன்.

பழைய டைப்பிஸ்ட் (பண்டாரவளை)

மகள், இரண்டாவது பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். தட்டச்சுப் பொறியில் தொடங்கி, பாமினியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

பாமினி ஒரு கீபோர்ட் அல்ல, எழுத்துரு. கணினியில் நீங்கள் அம்மா என்று அடித்தபோது உள்ளே பதிந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான். அதற்குத் தமிழ் முகமூடி போட்டது அந்த எழுத்துரு. வாட்ஸப்பில் முகமூடி கிடையாது, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. கீபோர்டைக் குறை சொல்லாதீர்கள்.

கீமேன் என்று ஒரு செயலி இருக்கிறது, எஸ்.ஐ.எல். நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிறது. அதைப் போட்டு, உள்ளே தமிழ் என்று தேடி, தமிழ் 99 விசைப்பலகையை இறக்குங்கள். வெளிக் கீபோர்டில் அடிப்பதையும் அது தமிழாக்கித் தரும். போன் அமைப்புகளில் வெளிக் கீபோர்டுக்கான பக்கத்தில் விசை அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்றே இருக்கட்டும். அதை மாற்றினால் எழுத்துகள் இடம் மாறிப்போகும்.

தமிழ் 99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். தோட்டம் என்று பாமினியில் அடித்தால் ஷிப்டோடு என், பிறகு ஜே, எச், எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி: எட்டுத் தட்டு, ஷிப்ட் வேறு. தமிழ் 99இல் எல், எக்ஸ், ஓ, ஓ, கே, எஃப்: ஆறு தட்டு, ஷிப்ட் இல்லை. ட இரண்டு தடவை அடித்தால் முதல் ட தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும்.

நம் கை தடுமாறுகிற இடம் ஒன்றுதான். பாமினியில் தோ என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு த, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. தமிழ் 99இல் வாயில் வருகிற வரிசை: த், ஓ. எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. மனைவியிடம் ஏச்சும் வாங்கினேன், மேசையில் வெறும் விரலால் தட்டிக்கொண்டே இருந்ததற்கு.

ஊவாக் குருவி (வெலிமடை)

ஐயா சொல்வது சரிதான், ஆனால் அக்காவுக்கு அடுத்த சனிக்கிழமை கூட்டம். பதினொரு வருடக் கையை ஒரு வாரத்தில் மாற்ற முடியுமா? நம் நாட்டு எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு தட்டச்சுக் கைக்குக் கிட்ட வரும், ஆனால் போனில் அதைத் தேடிப் பிடிக்க இப்போது நேரம் இல்லை.

நான் செய்வது இது. குறிப்புச் செயலியைத் திறந்து, ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, பாமினி அடிக்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். திரையில் கிறுக்கலாகத்தான் தெரியும். முடிந்ததும் மொத்தமாக எடுத்து, பாமினியை யூனிகோட் தமிழாக, அதாவது எந்தப் போனிலும் தெரிகிற தமிழாக, மாற்றுகிற மாற்றி ஒன்றில் இணையத்தில் போட்டால் தமிழ் வந்துவிடும். சங்கத்தின் பழைய கோப்புகளையும் அப்படியே மாற்றலாம்.

ஒன்று மட்டும் கட்டாயம்: வாக்கியத் தொடக்கத்தில் தானாகப் பெரிய எழுத்துப் போடுகிற வசதியையும், தானாகத் திருத்துகிற வசதியையும் அணைத்துவிடுங்கள். பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. நான் தெரியாமல் அனுப்பிய ஒரு கடிதம் “ஆன்புடையீர்” என்று தொடங்கி, அடுத்த வரி “ஏமது பகுதியில்” என்று போனது. பிரதேச செயலகத்தில் அதை வாசித்தவர் நான் ஏதோ ராகம் இழுக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

பழைய டைப்பிஸ்ட் (பண்டாரவளை)

குருவியின் வழி இந்த வாரத்துக்குச் சரி. ஆனால் சங்கப் பட்டியல் என்றால் அடையாள அட்டை இலக்கம் இருக்கும், இல்லையா? பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் வி அல்லது எக்ஸ் வரும். மாற்றியில் போட்டால் அந்தப் பெரிய வி, ஏ ஆகிவிடும், எக்ஸ் ஓ ஆகிவிடும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டைக்காரருக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் ஆட்களில் வயதானவர்களெல்லாம் பழைய அட்டைதான். ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். பணம் கைக்குப் போகிற விஷயம்.

மவுசாகலைக் கரை (ஞாயிறு, பகல்)

எல்லாருக்கும் நன்றி. இந்தப் பதிலைக் கீபோர்டில்தான் அடிக்கிறேன்.

காலை ஒன்பது மணி. ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம் இருக்கிற இடமே தெரியாத அளவுக்குப் பனி. மகன் ஜூமில். பழைய இடத்திலேயே, வைஃபையோடு பத்து வரி அடித்தேன், இருபத்துமூன்று இடத்தில் இரட்டிப்பு. வைஃபையை அணைத்துவிட்டு அடித்தேன், ஐந்து. உள்காம்பராவில் கட்டிலில் இருந்து அடித்தேன், ஒன்றுகூட இல்லை. அதே பனிதான், நுவரெலியா அண்ணா!

ரவுட்டரைக் குசினிக்கு மாற்றிப் பார்த்தேன். கீபோர்ட் நன்றாக ஓடியது, மகனின் ஆசிரியர் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். அதனால் ரவுட்டர் ஜன்னலிலேயே இருக்கட்டும், நான் கட்டிலுக்குப் போகிறேன் என்று முடிவாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கவில்லை.

கூட்டக் குறிப்பை குருவி சொன்ன மாதிரி அடித்து மாற்றினேன். நூற்றுப்பதினான்கு பேர் பட்டியலில் முப்பத்தெட்டு இடத்தில் வி ஏ ஆகியிருந்தது. டைப்பிஸ்ட் ஐயா சொல்லாவிட்டால் அப்படியே அச்சுக்குக் கொடுத்திருப்பேன். கீமேனும் போட்டாயிற்று. இரவில் ஒரு பக்கம் பழகுகிறேன்.

இன்னும் ஒன்று. கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் முதல் எழுத்து விழுவதில்லை. இதுவும் ரவுட்டரா?

திருப்புளி (தலவாக்கலை)

இல்லை அக்கா, அது தூக்கம். பெட்டரியை மிச்சம் பிடிக்கச் சில நிமிடம் தொடாவிட்டால் கீபோர்ட் தூங்கிவிடும், எழுப்புகிற தட்டு வீணாகப் போகும். தொடங்கும் முன் ஷிப்டை ஒரு தட்டுத் தட்டி, இரண்டு வினாடி பொறுத்து அடியுங்கள். மடிக்கிற மூட்டில் மட்டும் கவனம். உள்ளே மெல்லிய நாடாக் கம்பி போகிறது, என் கடைக்கு வருகிற மடிப்புக் கீபோர்ட் எல்லாம் அந்த இடத்தில் அறுந்துதான் வருகின்றன. விரித்ததை மடிக்காமல் மேசையில் வைக்க இடம் இருந்தால் அப்படியே வையுங்கள்.

மவுசாகலைக் கரை

மேசையில் மகனின் புத்தகம். கட்டிலுக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிடப் போகிறேன்.