நியான் டெட்ரா மேல வெள்ளைப் புள்ளி, மருந்து போட்டு போயிட்டு திரும்ப வருது, ஹெல்ப் பண்ணுங்க

கேள்வி – நீலத்தொட்டி

எல்லாருக்கும் வணக்கம். 60 லிட்டர் டேங்க், 10 நியான், 4 கோரிடோராஸ் மீன், கொஞ்சம் செடி. பத்து நாள் முன்னாடி ரெண்டு பிளாட்டி மீன் வாங்கி நேரா உள்ள விட்டுட்டேன். நாலாவது நாள் ஒரு நியான் வால்ல உப்புத்தூள் ஒட்டின மாதிரி ரெண்டு புள்ளி, மறுநாள் எல்லா மீன் மேலயும் புள்ளி, கல்லுல போய் போய் உடம்ப உரசுது. மெத்திலீன் ப்ளூ ஊத்தினேன், ரெண்டே நாள்ல புள்ளி காணோம், சரியாயிடுச்சுன்னு தண்ணி மாத்தி நிறுத்திட்டேன். நேத்து காலைல பாத்தா முன்ன விட அதிகமா இருக்கு, ஒரு நியான் செத்துப் போச்சு, இன்னொன்னு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குது. தண்ணி 26 டிகிரி. மருந்து டூப்ளிகேட்டா இருக்குமா இல்ல டோஸ் பத்தலையா? மனசே சரியில்ல.

பதில் – கோரிப்பிரியன்

ப்ரோ மருந்து மேல சந்தேகப்படாதீங்க, நிறுத்தின நாள்தான் பிரச்சனை. இது இக், வெள்ளைப்புள்ளி நோய். முழுப்பேர் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ், நிறைய பிள்ளை பெத்த மீன் பேன்னு அர்த்தம் வரும், வேலையும் அதேதான். நீங்க பாக்குற வெள்ளைப் புள்ளி மீனோட தோலுக்கு அடியில உக்காந்து தின்னுட்டு இருக்கு, அங்க இருக்குற வரைக்கும் எந்த மருந்தும் அத தொடாது. தின்னு முடிச்சதும் தானா உதிர்ந்து கல்லுலயோ செடிலயோ ஒட்டி மேல ஒரு உறை கட்டிக்கும், அதுக்குள்ள உடைஞ்சு உடைஞ்சு நூத்துக்கணக்குல குட்டியாகும், அப்பவும் மருந்து உள்ள போகாது. உறையை விட்டு வெளிய வந்து மீனைத் தேடி நீந்துற ஒண்ணு ரெண்டு நாள்லதான் அது சாகும். உங்க மீன்ல புள்ளி மறைஞ்ச அன்னைக்கு அதெல்லாம் அடியில பெருகிட்டு இருந்துச்சு, நீங்க கரெக்டா அந்த நேரத்துல மருந்தை எடுத்துட்டீங்க.

பதில் – உப்புக்கல்

மேல சொன்னது அத்தனையும் சரி. இப்ப உடனே செய்ய வேண்டியது, முதல்ல ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) போடுங்க, மூச்சு வாங்குதுன்னா செவுள்லயும் ஏறியிருக்கும், தண்ணி சூடாக சூடாக ஆக்சிஜனும் குறையும். அப்புறம் ஹீட்டரை ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரிக்கு மேல ஏத்தாம 30க்கு கொண்டு போங்க. சூட்டுல அதோட சுழற்சி வேகமாகும், 30ல பெரும்பாலும் பெருக முடியாம திணறும். கடைசி புள்ளி போனதுக்கு அப்புறமும் ஒரு வாரம் அப்படியே வைங்க, இதுல மட்டும் அவசரப்படாதீங்க.

உப்பு, அயோடின் சேர்க்காத சாதா உப்பு. மத்த மீனுக்கு லிட்டருக்கு 2, 3 கிராம் வரைக்கும் போடுவாங்க, கோரியும் செடியும் இருக்குறதால நான் 1 கிராமோட நிறுத்துவேன், உங்களுக்கு 60 கிராம். ஒரு மக்கு தண்ணில கரைச்சு ரெண்டு நாள்ல பிரிச்சு ஊத்துங்க, உப்புக்கல்லா கோரி மேல விழக்கூடாது, அடியிலயே மேயுற மீன் அது. 15 லிட்டர் தண்ணி மாத்தினா அந்த 15 லிட்டருக்கு மட்டும் திரும்ப 15 கிராம், மொத்தமா 60 போட்டுறாதீங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடியில இருக்குற கிராவலை சைஃபன் பண்ணுங்க, அதாவது குழாய் வச்சு அழுக்கை உறிஞ்சி எடுங்க, உறை கட்டினதுல கொஞ்சம் அதுலயே வெளிய போயிடும்.

பதில் – ஃபில்டர்அக்கா

தம்பி, மெத்திலீன் ப்ளூவை மெயின் டேங்க்ல திரும்ப ஊத்தாதப்பா, ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியாவையும் கொன்னுடும், மீன் கழிவுல வர்ற அம்மோனியா தண்ணில ஏறிடும். மீன் மேல வந்து மூச்சு வாங்குறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், இன்னைக்கே டெஸ்ட் பண்ணு. ஏறியிருந்தா கால்வாசி தண்ணி மாத்து, தீனியைக் குறை. சூட்டுக்கு அடங்கலன்னா மாலகைட் கிரீன் இருக்கு, ஆனா டெட்ரா, கோரி ரெண்டுமே அதுக்கு தாங்காது, பாட்டில்ல போட்டிருக்குற அளவுல பாதிதான் போடணும், கையில கிளவுஸ் மாட்டிக்கோ, ஃபில்டர்ல கார்பன் இருந்தா எடுத்துடு, இல்லன்னா மருந்தை அது உறிஞ்சிடும். இறால், நத்தை இருக்குற டேங்க்ல காப்பர் மருந்து பக்கமே போகாத.

பதில் – பழையதங்கம்

இந்த திரெட் படிக்கிற கோல்டுஃபிஷ் ஆளுங்களுக்கு ஒரு விஷயம். செவுள் மூடி மேலயும் முன் துடுப்போட முன் ஓரத்துலயும் மட்டும் வரிசையா வெள்ளைப் புள்ளி இருந்து மீன் நல்லா தின்னுட்டு சுத்துதுன்னா அது நோயே இல்ல, இனப்பெருக்க காலத்துல ஆண் மீனுக்கு வர்றது. என் மீனுக்கு அது தெரியாம ஒரு வாரம் மருந்து ஊத்திருக்கேன், பாவம்.

நீலத்தொட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி டெஸ்ட் பண்ணேன், அம்மோனியா ஏறித்தான் இருந்துச்சு. தண்ணி மாத்தி ஏர் ஸ்டோன் போட்டதும் சாயங்காலமே அந்த நியான் கீழ இறங்கிடுச்சு. இன்னைக்கு எட்டாவது நாள், 30 டிகிரி, உப்பு 60 கிராம். நடுவுல இன்னொரு நியான் போச்சு. மத்ததுல புள்ளி இல்ல, ஒரு கோரி முதுகுத் துடுப்புல மட்டும் ஒண்ணு இருக்கு, தினமும் காலைல டார்ச் அடிச்சு பாக்குறேன். அது போன நாள்ல இருந்துதான் அந்த ஒரு வாரத்தை எண்ணணும், சரிதானே?

உப்புக்கல்

ஆமா, அதுலேர்ந்துதான். அது வரைக்கும் ஹீட்டர்ல கை வைக்காதீங்க. அடுத்து மீன் வாங்கினா தனி டப்பால மூணு வாரமாவது வச்சுட்டு விடுங்க, வலையும் அதுக்குன்னு தனியா.