சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த இரவு: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

எந்த அணி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பதில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அணியைப் பற்றித்தான் எழுதுவார்கள், அடியை விட்டுவிடுவார்கள். கால்பந்து, எதிரணியின் சொந்த மைதானம், நாங்கள் நாலு பேர், கடைசி நிமிடத்து கோலில் ஜெயித்தோம். இது போதும்.

வெளியே வந்து பஸ் பிடிக்க நடக்கும்போது மற்ற மூவரும் கூட்டத்தில் முன்னே போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் பாட்டுச் சத்தம். எங்களைத் திட்டிப் பாடுகிற பாட்டுதான், உள்ளே இரண்டு மணி நேரமாகக் கேட்டதுதான், கேட்டுச் சிரித்துக்கொண்டே நாங்களும் பதிலுக்குப் பாடியதுதான். ஆனால் விளக்கில்லாத தெருவில், முதுகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் அதையே பாடிக்கொண்டு வந்தால் அது வேறு பாட்டாகிவிடுகிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன்.

"கழட்டுடா" என்றான் ஒருவன். சட்டையைச் சொல்கிறான் என்று எனக்கு உறைப்பதற்குள் கன்னத்தில் விழுந்துவிட்டது. கண்ணாடி எங்கேயோ பறந்தது. அப்புறம் வயிற்றில் ஒன்று, கீழே விழுந்ததும் இடுப்பில் இரண்டு உதை. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருந்தால் அதிகம்.

நான் இங்கே எழுத வந்தது அதற்கப்புறம் நடந்ததை. அவர்களில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, முகத்தில் பூசியிருந்த சாயம் வியர்வையில் கரைந்து கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது, குனிந்து தேடி என் கண்ணாடியை எடுத்தான். ஒரு பக்கம் விரிசல். தன் சட்டை நுனியால் துடைத்து என் கையில் வைத்தான். "அண்ணே, சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிருங்க, முன்னாடி இன்னும் எங்க ஆளுங்க நிக்கிறாங்க" என்றான். சொல்லிவிட்டு ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டான், திரும்பப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

உதைத்த கால்களில் ஒன்று அவனுடையதா என்று தெரியாது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எல்லாக் காலும் ஒரே கால்தான். அவன் சொன்ன வழியிலேயே போனேன். தையல் வெளியே தெரிய, முத்திரை நெஞ்சில் உரச, வீடு வந்து சேர்ந்தேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். அணிப் பெயர் வேண்டாம்.

* * *

பாட்டில் எறிந்தவன் எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

கிரிக்கெட். ஜெயித்தே தீர வேண்டிய ஆட்டம், மளமளவென்று நாலு விக்கெட் விழுந்துவிட்டது. எங்களுக்குச் சில வரிசை கீழே எதிரணிக்காரர்கள் ஒரு பத்துப் பேர், குழந்தை குட்டியோடு வந்தவர்கள், ஒவ்வொரு விக்கெட்டுக்கும் எழுந்து ஆடினார்கள். ஆடட்டும், காசு கொடுத்துத்தானே வந்தார்கள். பின்னாலிருந்து யாரோ ஒரு காகித உருண்டையை எறிந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அடுத்து ஒரு காலி டம்ளர், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. என் கையில் பாதித் தண்ணீரோடு பாட்டில் இருந்தது. எப்படி எறிந்தேன் என்றே தெரியவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். அந்தச் சிரிப்பு எனக்கும் வேண்டியிருந்தது.

அது அவர்கள் வரைக்கும் போகவே இல்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தலையில் விழுந்தது. அவர் போட்டிருந்ததும் என் அணிச் சட்டைதான். தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், பின்னால் திரும்பவே இல்லை. கீழே இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள்தான் எறிந்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் கத்தியதும் எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்துவிட்டது, "பெரியவரை அடிச்சிட்டானுங்க" என்று ஒரு குரல், அதோடு பத்து இருபது பேர் நாற்காலி தாண்டி இறங்குகிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் தன் மகளை இருக்கைக்கு அடியில் தள்ளி, மேலே குனிந்துகொண்டது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குழந்தையின் செருப்பு ஒன்று படியில் கிடந்தது.

போலீஸ் வந்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "எறிந்தது நான்தான்" என்று நாலு வார்த்தை... இல்லை, இரண்டே வார்த்தை. வரவில்லை.

1996 உலகக் கோப்பை அரையிறுதியை டிவியில் பார்த்தவன் நான். ஈடன் கார்டன்ஸ், இலங்கை 251 அடித்தது, ஒரு விக்கெட்டுக்கு 98 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆகி நின்றது. பாட்டில் மழை, இருக்கைகளில் தீ, கடைசியில் மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். சொந்த அணி தோற்கிறது என்பதற்காகச் சொந்த ரசிகர்கள் செய்தது அது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு "இவனுங்கெல்லாம் மனுஷங்களா" என்று கேட்டவன்தான் நான்.

* * *

மைதான வாசலில் ஆட்களைச் சோதனை போட்டு உள்ளே விடும் வேலையை ஆறு வருடம் பார்த்தேன். மேலே பாட்டில் பற்றி எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடியைப் பிடுங்கிக்கொண்டு வெறும் பாட்டிலைத் தருகிறோமே, எல்லோரும் எங்களைத் திட்டுவார்கள், ஏதோ மூடியை விற்றுச் சம்பாதிக்கிறோம் என்பது மாதிரி. மூடி போட்ட பாட்டில் கல்லு மாதிரி போகும். மூடி இல்லாவிட்டால் போகிற வழியிலேயே தண்ணீர் கொட்டி, விழும்போது ஒன்றுமில்லாமல் விழும். அவ்வளவுதான் விஷயம்.

கூச்சல் போடுகிற கூட்டத்துக்கு நாங்கள் பயப்பட மாட்டோம். பாடிக்கொண்டே இருந்த பகுதி திடீரென்று அமைதியானால்தான் வயிறு கலங்கும். எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆட்டம் முடிந்ததும் வெளியூர் ரசிகர்களை அரை மணி நேரம் உள்ளேயே நிறுத்திவைப்போம், மற்றவர்கள் கலைந்த பிறகு விடுவோம். காது கூசும்படி திட்டுவார்கள். வெளியூர் ரசிகர்களே வேண்டாம் என்று அர்ஜென்டினா 2013-இல் தடை போட்டது. தொல்லை விட்டது என்றுதான் எங்களுக்கும் தோன்றும். ஆனால் இந்தோனேசியாவில் 2022 அக்டோபர் 1 அன்று கஞ்சுருஹான் மைதானத்தில் எதிரணி ரசிகர்களை உள்ளே விடவே இல்லை. உள்ளூர் அணியான அரேமா 3-2 என்று பெர்சபயாவிடம் தோற்றது, சொந்த ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள், போலீஸ் கண்ணீர்ப் புகையைப் பார்வையாளர் பகுதியிலும் சுட்டது. மைதானத்துக்குள் கூட்டத்தைக் கலைக்கும் புகையை எடுத்துப் போகவே கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. புகைக்குப் பயந்து எல்லோரும் கதவுகளுக்கு ஓடினார்கள். 135 பேர் செத்தார்கள். எதிரி என்று ஒருத்தனும் இல்லாத மைதானம் அது.

பிரஸ்ஸல்ஸ் ஹேசல் மைதானத்தில் 1985-இல் நடந்ததையும் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். லிவர்பூல் ரசிகர்களுக்கும் பக்கத்துப் பகுதியில் நின்ற யுவென்டஸ் ரசிகர்களுக்கும் நடுவே பேருக்கு ஒரு வேலி. அதைத் தள்ளிக்கொண்டு இவர்கள் பாய, அவர்கள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரோடு நெருக்கப்பட்டு, சுவரும் இடிந்தது. 39 பேர். அதற்கப்புறம் இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடம் தடை. செய்திகளில் "ரசிகர் மோதல்" என்று வந்தால் அடித்துக்கொண்டு செத்தார்கள் என்றுதான் நினைப்பீர்கள். பெரும்பாலும் நசுங்கித்தான் சாகிறார்கள். அதனால் எங்கே போனாலும் நான் முதலில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பேன். கல்யாண மண்டபத்தில்கூட. மனைவி சிரிப்பாள்.

* * *

தோற்றவன்தான் வெறி பிடித்து அடிப்பான் என்று நினைக்கிறவர்களுக்கு: என் ஸ்கூட்டரை எரித்தது ஜெயித்த கூட்டம். அதில் எந்த அணியின் ஸ்டிக்கரும் இல்லை, எனக்கு ஆட்டமே பிடிக்காது, பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன்.

எகிப்தின் போர்ட் சயீதில் 2012 பிப்ரவரி 1 அன்று கால்பந்தில் உள்ளூர் அணியான அல் மஸ்ரி 3-1 என்று ஜெயித்தது. ஜெயித்தவர்களின் பக்கம்தான் இறங்கி அல் அஹ்லி ரசிகர்களைத் தாக்கியது, 74 பேர் இறந்தார்கள். அதன் பின்னால் அரசியல் இருந்தது என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

* * *

இங்கே எல்லோரும் மைதானத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் மைதானம் என்பது டிவி இருந்த கூடம்.

அப்பா ரொம்ப நல்லவர் என்று தெருவில் பேர். ஆட்டம் இருக்கிற நாளில் மட்டும்தான் வேறு ஆள். அம்மாவுக்கு கிரிக்கெட் ஒன்றும் தெரியாது, யார் எந்த அணி என்றுகூடத் தெரியாது, ஆனால் தேவைப்படும் ரன் ரேட் என்றால் என்ன என்று துல்லியமாகத் தெரியும். அடுக்களையிலிருந்தே என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பாள், "இப்ப எவ்வளவுடி வேணும்?" ஆறுக்குள் இருந்தால் சமைத்துக்கொண்டிருப்பாள். எட்டு என்றால் தம்பியைத் தூங்கவைக்கக் கிளம்பிவிடுவாள். பத்தைத் தாண்டிவிட்டது என்றால் கண்ணாடிச் சாமான்களை எடுத்து மேல் அலமாரியில் வைப்பாள், வளையலைக் கழற்றி வைப்பாள். வளையலை எதற்குக் கழற்றுகிறாள் என்று எனக்குப் புரிந்தது எட்டாம் வகுப்பில்.

இங்கிலாந்தில் லங்காஷயர் போலீஸ் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்து ஜெயித்த அல்லது டிரா செய்த நாட்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் 26 சதவீதம் கூடின, தோற்ற நாட்களில் 38. அந்த 26-ஐப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஜெயித்த ராத்திரியிலும் அம்மா வளையலை உடனே எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டாள், அவர் தூங்கட்டும் என்று காத்திருப்பாள்.

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்த பையனைப் பற்றி முதலில் எழுதியவர் உருகி எழுதியிருக்கிறார். சரி. எங்கள் அப்பாவும் மறுநாள் காலையில் அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிடுவார்.

* * *

இதெல்லாம் உண்மையான ரசிகர்கள் செய்வதில்லை, குடிகாரர்களும் பொறுக்கிகளும்தான் செய்கிறார்கள். உண்மையான ரசிகன் ஆட்டத்தை ரசிப்பான்.

* * *

இந்த "உண்மையான ரசிகன்" எப்போதும் கலவரத்துக்கு லீவு போட்டுவிடுகிறான் போல. கி.பி. 59-இல் போம்பேய் நகரத்து அரங்கில் வாள்வீரர் சண்டை பார்க்க வந்த உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊர் நுகேரியாக்காரர்களும் முதலில் வசையில் தொடங்கி, கல்லுக்குப் போய், கத்தி வரைக்கும் போனார்கள். ரோம் அந்த ஊரில் பத்து வருடம் விளையாட்டுக் கூட்டமே கூடாது என்று தடை போட்டது. கான்ஸ்டான்டினோபிளில் தேரோட்டப் பந்தயத்துக்கு நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று ரசிகர்கள் பிரிந்து கிடந்தார்கள், 532-இல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பாதி நகரத்தைக் கொளுத்திவிட்டன. அதில் யார் உண்மையான ரசிகர் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அப்புறம், பாட்டில் எறிந்தேன் என்று இங்கே ஒருவர் எழுதினாரே, அவர் தன்னைக் குடிகாரன் என்றோ பொறுக்கி என்றோ சொல்லவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஆள்.

* * *

ஆரம்பித்தவன் வருகிறேன்.

வளையல் பற்றி எழுதியவருக்கு: நீங்கள் சொன்ன கடைசி வரியை மூன்று முறை படித்தேன். நான் அந்தப் பையனை நல்லவன் என்று எழுதவில்லை என்று பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். திரும்பப் படித்துப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அவன் ஏன் குனிந்தான் என்று எனக்கு ரொம்ப நாள் கேள்வி. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை வைத்து மார்க் லெவின் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை 2005-இல் வெளியானது. ரசிகர்களை ஒவ்வொருவராக இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொல்வார்கள், வழியில் ஒருவன் தடுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவான். அவன் யுனைடெட் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் நின்று உதவினார்கள். எதிரணியான லிவர்பூலின் சட்டை என்றால் பெரும்பாலும் தாண்டிப் போனார்கள். அடுத்த முறை, கிளம்புவதற்கு முன்னால் உங்கள் அணியைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்காமல், கால்பந்து ரசிகனாக இருப்பது எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். இந்த முறை லிவர்பூல் சட்டைக்கும் நின்றார்கள். எந்த அணிச் சட்டையும் போடாமல் விழுந்தவனைத்தான் தாண்டிப் போனார்கள்! ஸ்கூட்டர்க்காரர் கவனிக்க.

என் ஆளிடம் யாரும் எதையும் எழுதச் சொல்லவில்லை. அவனும் கண்ணாடி போடுகிறவனோ என்னவோ.

பாட்டில்காரரே, அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதவே இல்லை.

* * *

அடி ஒன்றும் படவில்லை. அழுதுகொண்டே போனாள், அவள் அப்பா தூக்கிக்கொண்டு போனார், அவருக்குச் சட்டை கிழிந்திருந்தது. செருப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்தேன். நான் போட்டிருந்த சட்டையோடு அவர் கிட்டே போக தைரியம் வரவில்லை. வாசலில் சோதனை போடுகிறவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

* * *

வாசல்காரன்: அந்த மாதிரிச் சாமான்களுக்கு எங்களிடம் ஒரு பெட்டி உண்டு. ஒற்றைச் செருப்புதான் அதில் நிறைய இருக்கும். சீசன் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம், ஒற்றைச் செருப்பைத் தேடி யாரும் வருவதில்லை.