வீட்டு வேம்பு நுனியிலிருந்து காய்கிறது, உதவுங்கள்

விருதுநகரில் எங்கள் வாசல் வேம்புக்கு 40 வயதுக்கு மேல். அப்பா வைத்தது. கோடையில் அந்த நிழல் இல்லாமல் முன்னறையில் உட்காரவே முடியாது. புரட்டாசியிலிருந்து கிளை நுனிகள் தீய்ந்தது போல் பழுப்பாகிக் காய்கின்றன. 2021இல் தெலங்கானா வேம்புகளைத் தாக்கியதே, அந்த நுனிக்கருகல் பூஞ்சையா? தளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியின் வேலையா? இல்லை, போன வருடம் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டதாலா? எனக்கு அதுதான் உறுத்துகிறது. நீர் உறிஞ்சும் வேர்கள் கிளை விரிவின் ஓரத்துக்கும் அப்பால் பரவியிருக்கும். நாங்களோ தூரிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வேர் அடிபடாமல் சிமெண்டை எப்படி, எவ்வளவு தூரம் உடைப்பது? காய்ந்த நுனிகளை இப்போதே கழிக்கலாமா, அல்லது மழை ஓயட்டுமா? மரத்தையே வெட்டச் சொல்லாதீர்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.