62 சமையல் குறிப்பு எழுதியும் கூகுளில் என் தளம் வரவில்லை, வழி சொல்லுங்க

கேட்பவர் (கோபிச்செட்டிபாளையம்):
வணக்கமுங்க. 14 மாதமாக பிளாக்கர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் எங்கள் ஊர்ச் சமையலை எழுதி வருகிறேன். சந்தகை (வெந்த அரிசி மாவை நூலாகப் பிழிவது), கச்சாயம், ஒப்புட்டு, கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்பு என்று 62 குறிப்புகள். எல்லாம் நானே செய்து, அளந்து பார்த்து எழுதியவை. ஆனால் தினம் ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். அவர்களும் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சுட்டியைத் தொட்டு வரும் சொந்தக்காரர்கள். 'சந்தகை செய்வது எப்படி' என்று தேடினால் என் பக்கம் எங்குமே இல்லை. போன வாரம் ஒருவர் கூப்பிட்டு, 8,000 ரூபாய் தந்தால் முதல் இடத்தில் வரவைப்பதாகச் சொன்னார். கொடுக்கலாமா?

பதில் (ஈரோடு):
கொடுக்காதீங்க அக்கா. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. முதலில், தளம் கூகுளின் தேடல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடும் இடத்தில் ஆங்கில எழுத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைப் போடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் பிளாக்கர் அமைப்புகளில் தேடுபொறிகளுக்குத் தளத்தைக் காட்டும் பொத்தான் அணைந்திருக்கலாம்.

கேட்பவர்:
பார்த்தேன் தம்பி. பொத்தான் சரியாக இருக்கிறது, நாற்பது பக்கம் போல வருகிறது. சந்தகைக் குறிப்பும் இருக்கிறது. அதன் தலைப்பு 'அம்மிச்சி வீட்டு ஞாயிற்றுக்கிழமை'. அளவும் செய்முறையும் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று படமாகச் செய்து போட்டிருக்கிறேன்.

பதில் (பெருந்துறை):
அங்கேதான் சிக்கல் அக்கா. தலைப்பில் சந்தகை இல்லை. செய்முறை படத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலும் பக்கத்தில் தட்டச்சு செய்த எழுத்தை வைத்துத்தான் தேடுபொறி இது என்ன பக்கம் என்று முடிவு செய்கிறது. உங்கள் பக்கத்தில் அதற்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை மட்டும்.

தலைப்பை 'கொங்குச் சந்தகை: புழுங்கலரிசியில் பிழியும் முறை' என்று மாற்றுங்கள். அம்மிச்சி கதையை எடுக்க வேண்டாம், அளவுகளுக்குக் கீழே வையுங்கள். அது வேறு எந்தத் தளத்திலும் கிடைக்காது. படத்தில் உள்ளதை அப்படியே எழுத்தாக அடியுங்கள்.

இன்னொன்று. நாம் சந்தகை, சந்தவை என்போம். வெளியூர்க்காரர் சேவை என்று தேடுவார். நிறையப் பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள். முதல் பத்தியில் 'வெளியூரில் இதைச் சேவை என்பார்கள்' என்று இயல்பாக ஒரு வரி எழுதி, ஆங்கில எழுத்திலும் பெயரை ஒருமுறை போட்டால் போதும். இருபது தடவை திணித்தால் கூகுள் அதைக் குப்பையாகத்தான் கருதும். 'கீவேர்ட் மெட்டா டேக்' (பக்கத்துக்குள் மறைவாக வைக்கும் தேடுசொல் பட்டியல்) நிரப்பச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பதில் (காங்கேயம்):
தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் பிளாக்கர் முகவரியில் 'பிளாக் போஸ்ட்' என்றுதான் விழும். இனி எழுதுவதற்கு, வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் உணவின் பெயராக வையுங்கள். பழைய முகவரிகளைத் தொடாதீர்கள், சொந்தக்காரர்களிடம் இருக்கும் சுட்டிகள் உடைந்துவிடும். அப்புறம், கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். இலவசம்தான். என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும்.

கேட்பவர் (ஐந்து வாரம் கழித்து):
பதினொரு குறிப்புகளை மாற்றிவிட்டேனுங்க. அரிசிம்பருப்பில் அசைவே இல்லை, அங்கே பெரிய தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் சந்தகைக்கு ஆள் வருகிறார்கள். சர்ச் கன்சோலில் பார்த்தால், 'சந்தகை பிழிய வரவில்லை' என்று தேடி வந்திருக்கிறார்கள்! நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மாவு ஆறிப்போனால் மூன்றுகால் அச்சின் கைப்பிடி திரும்பவே திரும்பாது. ஒருவர் அச்சின் காலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சூட்டோடு திருக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எழுதத் தோன்றவில்லை.

பதில் (பெருந்துறை):
அதைத்தான் இன்றைக்கே எழுதுங்கள் அக்கா. ஒரு ஈட்டுக்கு எத்தனை உருண்டை, மீதியை எப்படிச் சூடாக வைப்பது என்பதையும் சேருங்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள்.