ரூஃப் வார்ப்புக்கு எந்த சிமெண்ட்? அவசரம்

புதுவீட்டுக்காரன்: சனிக்கிழமை வார்ப்பு. கொத்தனார் ஓ.பி.சி. 53 (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட், 53 கிரேடு) எடுக்கச் சொல்கிறார், மச்சான் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்) போதும் என்கிறார். எது நல்லது? சீக்கிரம் சொல்லுங்க.

தக்கலை அண்ணன்: எந்த ஊர் தம்பி? கடல் எவ்வளவு தூரம்? தண்ணீர் கிணறா, போரா?

மேலத்தெரு: 53தான். நம்பர் கூடினால் ஆயுள் கூடும்.

ஸ்லாப் சார்: இதை எத்தனை தடவைதான் சொல்வது? 53 என்பது 28 நாளில் சிமெண்ட் காட்டும் பலம். ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் விதி நூலை ஒரு தடவையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

புதுவீட்டுக்காரன்: முட்டம் பக்கம். கடல் 300 மீட்டர். கிணற்றுத் தண்ணீர். பழைய வீட்டு சன்ஷேடு பொரிந்து கம்பி வெளியே தெரிகிறது, தொட்டால் துரு செதில் செதிலாக வருகிறது. அதனால்தான் பயம்.

கடலோரம்: அப்படியென்றால் சல்ஃபேட் ரெசிஸ்டிங் சிமெண்ட் வாங்குங்க. கடலுக்கு அதுதான்.

தக்கலை அண்ணன்: வேண்டாம். உங்கள் கம்பியைத் தின்றது உப்பில் இருக்கும் குளோரைடு, சல்ஃபேட் இல்லை. அந்த சிமெண்டில் சி3ஏ என்ற சேர்மம் குறைவு. உப்பைக் கம்பிக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கிறதில் அந்தச் சேர்மத்துக்கும் பங்கு உண்டு. ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) எடுங்க, கிடைக்காவிட்டால் பி.பி.சி. இரண்டும் துளைகளை இறுக்கி உப்பை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆனால் பலம் பிடிக்க நாளாகும். முட்டுக் கம்பு, பலகையை அவசரமாகப் பிரிக்காதீங்க, பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்துங்க.

ஸ்லாப் சார்: சிமெண்ட் மட்டும் மாற்றினால் போதுமா? கடலோரத்துக்கு எம் 30 தரக் கான்கிரீட், சிமெண்ட் எடைக்குத் தண்ணீர் விகிதம் 0.45, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) 45 மி.மீ. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர், மணலின் ஈரமும் அதில் சேர்த்தி. கொத்தனார் வாளிக் கணக்கில் ஊற்றினால் எந்த சிமெண்டும் காப்பாற்றாது.

மேலத்தெரு: 45-ஆ? எங்கள் ஊரில் 20 மி.மீ. கவர் பிளாக்தான், அதுவும் பாதிப் பேர் ஜல்லித் துண்டை வைக்கிறார்கள்.

தக்கலை அண்ணன்: அந்தத் துண்டு வழுக்கினால் கம்பி பலகையில் படுத்துவிடும். ஆனால் கவரைக் கூட்டினால் ஸ்லாப் கனத்தையும் இன்ஜினியரிடம் பார்க்கச் சொல்லுங்க. பழைய வீட்டுக்கு மணல் எங்கே எடுத்தது?

கடலோரம்: மணல்தான் காரணம் என்றால் எம் சாண்டு (பாறையை உடைத்த மணல்) வந்த பிறகு கட்டிய வீடுகள் ஏன் பொரிகின்றன?

மேலத்தெரு: எம் சாண்டில் தூசி. ஆற்று மணல் மாதிரி வருமா?

கடலோரம்: ஆற்று மணலுக்கு இப்போது எங்கே போவது? மலையை உடைக்கிறார்கள், அதற்கும் சண்டை.

ஸ்லாப் சார்: மணல் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா? லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடைத் தாண்டினால் கலவைக்கு ஆகாது.

புதுவீட்டுக்காரன்: அப்பாவிடம் கேட்டேன். அன்றைக்குக் கடற்கரை மணல்தானாம், கழுவவும் இல்லையாம். இப்போது ஸ்லாக் சொல்லியாச்சு. தண்ணீர் லேபுக்குப் போயிருக்கிறது, வார்ப்பு அடுத்த வாரம். நன்றி அண்ணா, சார்.

தக்கலை அண்ணன்: ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்க தம்பி.